காய்ந்த ரோட்டில் வழுக்கல்

போலீஸ் என்றால் ஓடிப் பிடிப்பது என்று நினைப்பீர்கள். நாகர்கோவில் அலுவலகத்தில் நான் உட்கார்ந்தே பிடிக்கிறவள். விபத்து, திருட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைத்து, காவல் எங்கே தேவை என்று சொல்ல வேண்டும். திரையைப் பார்த்தே கழுத்துவலி வாங்கிய சக பாவிகளுக்கு இந்தப் பிழைப்பு புரியும்.

அந்த வளைவு

குளச்சலிலிருந்து வரும் சாலையில் ஒரே வளைவில் மட்டும் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். எல்லாம் காலையில், எல்லாம் பைக், ஸ்கூட்டர். மழையும் இல்லை, குழியும் இல்லை. வேகம்தான் காரணமென்று அபராதம் போட ஆள் நிறுத்தினார்கள். அப்புறமும் ஒரு டீச்சரம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் பிரிவு ஏட்டையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், எனக்க மவ டெய்லி அந்த வழியாக்கும் காலேஜுக்குப் போறா."

ஞாயிற்றுக்கிழமை

கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு புள்ளிகூட இல்லை. விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலத்தில் அரிதாக ஒன்றிரண்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது. குளச்சல் மீனவர்கள் சர்ச்சுக்குப் போய், கடலுக்குப் போகாத நாளில் ரோட்டில் யாரும் விழவில்லை! கடலையே பார்த்திராத பெட்டி இதைச் சொல்கிறதே என்று ஏட்டையாவைக் கூப்பிட்டேன்.

"மீன் வண்டி, மேடம்! மீன் வண்டியேதான்!"

வாடை

மறுநாள் காலை வளைவில் காத்திருந்தோம். ஒரு மீன் வண்டி ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கிப் பின்னாலிருந்த குழாயைத் திறந்தார். ஐஸ் உருகிய கொழகொழத் தண்ணீர் ரோட்டில் ஓடியது; விசாரிக்க ஆள் போவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும் தண்ணீர். செருப்பை வைத்துப் பார்த்தேன், சறுக்கியது. ஏட்டையா பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தார். மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாரே, வீடு உள்ள எடத்துல விட்டா நாத்தத்துல ஆளுவ சோறு திங்க முடியாது. இங்கன ஒரு வீடும் இல்லல்லா, அதாக்கும்."

விழாதவர்கள்

டீச்சரம்மா விழுந்ததைச் சொன்னதும் டிரைவர் ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே மற்ற டிரைவர்களிடம் பேசி, தண்ணீரைத் துறைமுகத்திலேயே வடித்துவிட்டு வர ஏற்பாடு செய்தார். அதன்பின் வளைவில் புதுப் புள்ளி விழவில்லை. ஒரு காலை நாங்கள் அங்கே நின்றபோது ஏட்டையாவின் மகள் ஸ்கூட்டரில் வந்தாள். எங்களைக் கவனிக்காமல் வளைவை அழகாகக் கடந்து போய்விட்டாள். அவர் கண்ணைத் துடைத்தார்.

"மேடம், விழாம போறவங்களுக்கும் ஒரு புள்ளி வைக்கப்பிடாதா?"

வைக்க வழியில்லை மக்களே. விழுந்தால்தான் எங்கள் கணக்கில் வருவீர்கள், விழாமல் வீடு சேர்ந்தாலோ இந்தப் போலீசுக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள்.