மணி அடிக்கும் வரை

சலவைக் கடையில் துணி தேய்க்கும் அவளுக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது, "உன் வாயை அவங்க ஒரு நாள் தாங்க மாட்டாங்க" என்று அம்மா சிரித்தாள். அவளுக்கும் அந்தப் பயம்தான். இருந்தாலும், சேர்வதற்கு முன் சில நாள் தங்கிப் பார்க்கச் சொல்லி மடத்துத் தலைவி அழைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே சமையலறையில் ரகளை. பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்கு யார் காரணம் என்று வயதான சிஸ்டர்கள் இருவர் விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டார்கள். ஜெப மணி அடித்தது. இருவரும் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு சிற்றாலயத்துக்கு நடந்தார்கள். அங்கே ஒருவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே, கண் மங்கிய மற்றவருக்கு ஜெபப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாரும் சாதுவா இருப்பாங்கன்னு பயந்துட்டேம்மா. நல்லவேளை, நம்ம வீட்டை விட மோசமா சண்டை போடுறாங்க. மணி அடிச்சா நிறுத்திடுறாங்க. இங்கேயே இருந்துடலாம்னு தோணுது."



"நம்ம வீட்லதான் மணி அடிக்க ஆளில்லாம போச்சு," என்றாள் அம்மா. "சரி, இரு."