ராடிவோய் வீட்டு கேட்டில் நின்றுபோகும் கார்

நர்ஸ் விடோசவாவின் காருக்குத் தேன்கார ராடிவோய் மீது காதல் வந்துவிட்டதாக எங்கள் லிபோவாவில் ஒரு பேச்சு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மலைக்கு ஏறுகிற அந்தக் கார் சரியாக அவர் வீட்டு கேட்டில் நின்றுவிடுகிறதாம். நாற்பது நிமிடம் அசையாதாம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுமாம். இதை எனக்குச் சொன்ன ரொட்டிக்கடை யாகோதா, "நான் காரைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடிக் காட்டினாள். விடோசவா விதவை, ராடிவோய் மனைவியை இழந்தவர், கார் மட்டும்தான் கட்டைப் பிரம்மச்சாரி. ஊர் வேறு யாரைச் சொல்லும்?

பத்திரிகைக்காரனான நான் ஊர்ப் பேச்சை நம்புவதில்லை. ஆனால் சரிபார்க்காமல் விட்டதும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

விடோசவாவுக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பத்தோரு வருடமாக ஊசி போடுகிறார், இடது கையால். லிபோவாவிலும் மேலே யாசெனா மலைக் கிராமத்திலும் அவரிடம் குத்து வாங்காத இடுப்பு கிடையாது. சந்தையில் முகத்தைப் பார்த்து யாரென்று தடுமாறுவார். ஆள் திரும்பி நடந்தால் பெயர், வியாதி, அப்பா பெயர் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். ஊசி குத்துகிற நேரத்தில் "உங்க பெரிய பையன் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணல?" என்று கேட்பார். அந்தக் கேள்வியின் வலியில் ஊசி வலி தெரியாது. மலைக்காரர்கள் கொடுக்கிற முட்டையை வாங்கிக்கொள்வார், பிராந்தியை வாங்கமாட்டார். கணவர் விட்டுப்போனது இந்தத் தயிர்நிறக் கார் ஒன்றுதான். இருபத்திரண்டு வயது. எஞ்சின் பின்னால், பெட்ரோல் டாங்க் முன்னால், மூட்டை வைக்கிற பெட்டிக்குள். நடுவில், இரண்டுக்கும் பொதுவாகப் பயந்துகொண்டு நாம் உட்கார வேண்டும்.

பேச்சு பரவியதில் அவருக்குக் கோபம் இல்லை. பயம் வேறு. மலையில் எடுக்கும் ரத்தம் மதியம் ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தாக வேண்டும். தாமதமானால் அத்தனையும் வீண், மறுபடி போய் அதே கைகளில் குத்த வேண்டும். மூன்று செவ்வாய்க்கிழமை அப்படி ஆகிவிட்டது. இன்னொரு தடவை ஆனால் மலைச் சுற்று வேறு நர்ஸுக்கு, விடோசவாவுக்கு முன்வாசல் கவுண்டரில் நோயாளிகளின் அட்டை தேடுகிற வேலை என்று டைரக்டர் அம்மா சொல்லிவிட்டார். "அட்டைங்க கூட நான் என்னத்தப் பேசறது?" என்று என்னிடம் கேட்டார் விடோசவா.

காரைக் காட்டாத இடமில்லை. மெக்கானிக் திஹோமிர் பிளக் மாற்றினார், பாயின்ட் மாற்றினார், காயில் மாற்றினார், பெட்ரோல் பம்பைக் கழற்றி முத்தம் கொடுத்து மாட்டினார். சாலையோரத்தில் கோலா பாட்டிலில் விற்கிற பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். வேறு பாட்டிலில் வாங்கினார்கள். குழாயில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது என்று, துணி மாட்டுகிற மரக் கிளிப் எட்டை வரிசையாகக் குழாயில் கடிக்க வைத்தார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. அவருடைய பட்டறையில் கார் பாட்டுப் பாடும், மலையில் ஊமையாகிவிடும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் மூடியைத் தூக்கியதும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"யாரு இதுல கை வச்சது?"

"நீங்கதான் மாஸ்டர். போன வியாழக்கிழமை."

"அப்படியா? அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்ல."

சமீபத்தில் காரில் எதையாவது மாற்றினீர்களா என்றும் கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை என்று விடோசவா சொல்லியிருக்கிறார். சத்தியமாக அப்படித்தான் நம்பினார். எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

செவ்வாய் காலை ஏழு பத்துக்குக் கிளம்பினோம். மே மாதம், நல்ல வெயில். நான் ஜன்னலை இறக்கப் போனேன். விடோசவா என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன்.

"கொல்லப் பாக்கறீங்களா பேப்பர்காரரே? குறுக்குக்காத்து அடிக்கும்." தன் கம்பளிச் சால்வையை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார். "ஏப்ரல்ல கோஷவா காத்து அடிச்சப்போ இடுப்பு பிடிச்சு நாலு நாள் கிடந்தேன். முன்னாடிப் பெட்டியிலேர்ந்து நேரா காலுக்கு வருது. அன்னிலேர்ந்து ஒரு ஓட்டை விடல."

விடவில்லைதான். ஜன்னல் விளிம்பெல்லாம் மஞ்சள் மெழுகு. கிளட்ச் கம்பி உள்ளே வருகிற துளையில் பழைய காலுறை. காலடியில் நாலாக மடித்த கம்பளம். அந்த மெழுகை உருண்டையாக உருட்டிக் கொடுத்தவர், கேட்கவே வேண்டாம், ராடிவோய்தான். தேன்மெழுகு. நான் வியர்வையில் வெந்துகொண்டு இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். தப்பாக ஒன்றும் தெரியவில்லை. எல்லா வியாதிக்கும் காரணம் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிற குறுக்குக்காற்றை அடைப்பதை யார் தப்பென்று சொல்வார்கள்? கதவைப் பூட்டுவதையும் பல் தேய்ப்பதையும் மாற்றம் என்று மெக்கானிக்கிடம் சொல்வோமா?

கிளட்சுக்கு வேறு சேட்டை. ரயில்வே கேட்டில் பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு நிற்கிறோம், கார் மெல்ல மெல்லத் தண்டவாளத்தை நோக்கி நகர்கிறது. கியர் போடும்போது பல் பிடுங்குகிற சத்தம். இதற்காகத் திஹோமிர் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறார். கட்டியதிலிருந்து ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, கார் நடக்கிறது, கருகின வாடை வருகிறது. ஆஸ்பத்திரி இருப்பதோ எங்கள் ஊரின் மிகச் செங்குத்தான மேட்டில்.

ஏழு முப்பத்து நாலுக்கு எஞ்சின் இரண்டு தடவை இருமியது, நின்றது. நான் இறங்கி அடிக்கணக்குப் போட்டேன். கார் நின்றது ராடிவோயின் கேட்டில் இல்லை, கேட்டைத் தாண்டி முப்பது அடியில். விடோசவா பிரேக்கை விட்டுப் பின்னோக்கி உருட்டிக்கொண்டு வந்தார், ஏனென்றால் அந்த ஏற்றத்தில் சமதரை அந்த கேட்டின் முன்னால் மட்டும்தான். பாதிப் புரளி அங்கேயே செத்தது. யாகோதாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

பெட்ரோல் முள் எப்போதோ உயிரைவிட்டுவிட்டதால், நின்றதும் விடோசவா செய்கிற முதல் வேலை டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பது. மூடியைத் திருகியதும் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நான் கேட்டேன். கேட்டு, குறிப்பில் எழுதாமல் விட்டேன். பாதி டாங்க் இருந்தது.

மீதிப் புரளி கேட்டில் தட்டுடன் நின்றது. தட்டில் மூன்று காபி. நான் வருவதை பஸ் டிரைவர் முந்தின நாளே சொல்லிவிட்டாராம்.

"எஞ்சின் கொதிக்குது சிஸ்டர்" என்றார் ராடிவோய், எஞ்சின் பக்கம் திரும்பாமலே. "நாப்பது நிமிஷம் ஆறட்டும்."

உட்கார்ந்தோம். ஆறியது காபிதான். ராடிவோய் குறைவாகப் பேசுகிறவர். விடோசவா அவருக்கும் சேர்த்துப் பேசினார், பேச்சு நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தார். தேனீ வளர்க்கிறதுக்கு முன்னால் என்ன வேலை என்று நான் ராடிவோயைக் கேட்டேன். பஸ் கம்பெனி பட்டறையில் இருபத்தாறு வருடம் என்றார். இதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரே சாவித் திருகலில் எஞ்சின் எழுந்தது. யாசெனாவில் வீடுகள் நெருக்கம். விடோசவா ஏழு பேரிடம் ரத்தம் எடுத்தார், மூன்று பேருக்குக் காயம் கட்டினார், நான்கு பேரைத் திட்டினார். கடைசியாக ரான்கோ என்ற மரம் வெட்டுகிறவருக்கு டிரிப். சுவரில் தொப்பி மாட்டுகிற ஆணியில் கண்ணாடிப் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார், குழாயை மாட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே கால். லேபுக்கு ஒன்று. மனம் கீழே கவுண்டரில் அட்டை தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

டிரிப் கொஞ்ச நேரம் சொட்டியது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது.

"சிஸ்டர், கடைய மூடிட்டாங்க போல" என்றார் ரான்கோ.

விடோசவா நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாட்டிலின் ரப்பர் மூடியில் குழாய் ஊசியோடு இன்னொரு ஊசியும் குத்த வேண்டும், காற்று உள்ளே போவதற்கு. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அதை மறந்திருக்கிறார். ஒரு ஊசியை எடுத்துக் குத்தினார். பாட்டிலுக்குள் குமிழ்கள் மேலே ஓடின, மருந்து மறுபடி சொட்டத் தொடங்கியது.

அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேப்பர்காரரே, நான் டாங்க் மூடியத் திறந்தப்போ ஒரு சத்தம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு சிஸ்டர்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அதோட வழக்கம்னு நெனச்சேன்."

டிரிப் முடிகிறவரை பொறுத்திருந்து, காருக்குப் போய் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தார். நடுவில் பட்டாணி அளவுக்கு மெழுகு, விரலால் தேய்த்து மழமழவென்று. ஏப்ரலில் ஓட்டைகளைத் தேடிப்போனபோது இதுவும் ஓர் ஓட்டையாகக் கண்ணில் பட்டிருக்கிறது. காற்று வருகிற வழி என்று அடைத்துவிட்டார். காற்று போகிற வழி அது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போனால்தான் பம்பு இழுக்கும். ஊருக்குள் சின்னச் சின்னத் தூரம், தெரியவில்லை. கீழே இறங்கும்போது கார் அதிகம் குடிக்காது, தெரியவில்லை. மலை ஏறும்போது மட்டும் இருபத்து நாலு நிமிடத்தில் மூச்சு முட்டியது. திஹோமிர் பட்டறையில் எதைச் சோதிப்பதற்கு முன்னாலும் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார், நோயாளி அங்கேயே பிழைத்துவிடும். கேட்டில் ஆற வைத்த நாற்பது நிமிடம் தேவையே இல்லை. குச்சி விட்ட அந்த நொடியிலேயே கார் தயார்.

விடோசவா ஒரு தடித்த ஊசியை எடுத்து மெழுகில் குத்தினார், இடது கையால். வழக்கம்போல ஆறுதல் சொல்லிக்கொண்டேதான் குத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கண்ணில் எல்லா அடைப்பும் குற்றவாளியாகிவிட்டது. மண்டியிட்டுக் காலடிக் கம்பளத்தை உருவினார். கிளட்ச் பெடல் இரண்டு விரல் அளவு கூடுதலாக இறங்கியது. இத்தனை நாள் பெடல் அடிவரை போகவே இல்லை, கம்பளத்தில் முட்டி நின்றிருக்கிறது. அதனால்தான் கியரில் அந்தப் பல் பிடுங்குகிற சத்தம். அதைச் சரிக்கட்ட இழுத்துக் கட்டிய கம்பிதான் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கி எஞ்சின் அலறியதற்குக் காரணம். கம்பியைத் தளர்த்தாமல் ஆஸ்பத்திரி மேடு ஏறாது. தளர்த்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது யாசெனாவில் யாரிடமும் இல்லை.

யாரிடம் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மணி பன்னிரண்டு ஐந்துக்கு அந்த கேட்டில் கார் நின்றது. இந்தத் தடவை விடோசவா நிறுத்தினார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராடிவோய் தட்டை எடுக்க உள்ளே திரும்பினார். காபி வேண்டாம், ஸ்பேனர் வேண்டும் என்றார் விடோசவா. மனிதர் முகத்தில் ஒரு வருத்தம் ஓடியதை நான் பார்த்தேன். ஆனால் ஸ்பேனர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கம்பியைத் தானே தளர்த்தித் தருவதாகச் சொல்லி அவர் குனிந்தார். விடோசவா விடவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு, கம்பளத்தை விரித்துத் தானே காருக்கடியில் போனார்.

"எத்தனை சுத்து?"

"ரெண்டு. பாதி கூடினாலும் தப்பில்ல சிஸ்டர்."

விடோசவாவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்த அந்த நேரத்தில் நான் மெதுவாகக் கேட்டேன், இருபத்தாறு வருடம் பட்டறையில் இருந்தவருக்கு டாங்க் மூடி ஓட்டை பற்றித் தெரியாதா என்று. ராடிவோய் தேன்கூடுகள் இருக்கிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் டீசல் பஸ்ஸுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி மேட்டில் கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. லேப் ஜன்னலில் ரத்தக் குழாய்களைக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. டைரக்டர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டும் ஒரே கட்சி என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். மலைச் சுற்று விடோசவாவுக்கே. வியாழக்கிழமை திஹோமிர் டாங்க் மூடியில் ஊசித் துளையைப் பார்த்து, யார் இதில் கை வைத்தது என்று கேட்டார். தன் பங்கு அதில் இல்லை என்பதில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகமே இல்லை.

இதை நான் குறுக்குக்காற்றுக்கு வக்காலத்து வாங்கி எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். திரும்பும்போது ஜன்னலைக் கால்வாசி இறக்கினோம். அன்று மாலையே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. விடோசவாதான் ஊசி போட்டார்.

யாகோதா கேட்பாள் என்பதற்காக அடுத்த மூன்று செவ்வாய்க்கிழமையும் மலைக்குப் போய்ப் பார்த்தேன். கார் எங்கேயும் தானாக நிற்பதில்லை. ரத்தம் நேரத்துக்கு வருகிறது. ஆனாலும் ராடிவோய் வீட்டு கேட்டில், திரும்பும் வழியில், லேபுக்கு நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விடோசவா வண்டியை நிறுத்துகிறார். காபி இரண்டு. எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்பேனரத் திருப்பிக் குடுக்கணும்ல?" என்றார்.

கொடுத்தீர்களா என்று கேட்டேன். பேச்சு மும்முரத்தில் மறந்துபோகிறதாம். ராடிவோயும் கேட்பதில்லையாம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் அந்தக் கம்பளத்தில் சுற்றிச் சீட்டுக்கடியில் கிடக்கிறது. நேற்றுக்கூட எட்டிப் பார்த்தேன்.