சத்தமில்லாத வண்டியும் முப்பத்தொரு ஹாரனும்

மின்சாரக் கார்ப் பந்தயத்தில் விறுவிறுப்பு உண்டா என்பதில் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பதினான்கு மாதங்களாகச் சண்டை. பாபநாசத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு நானூற்றுப் பத்து தப்படி. அந்தத் தூரத்துக்கும் தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில்தான் வருவார். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிட்டபின் இருவரும் தொலைக்காட்சி முன் உட்காருவோம். பெட்ரோல் காரோ மின்சாரக் காரோ, எந்தப் பந்தயம் வருகிறதோ அதைப் பார்ப்போம். எத்தனை முறை ஒருவரை ஒருவர் முந்தினார்கள் என்று நான் பழைய டைரியில் கோடு போட்டு வைப்பேன். நில அளவையில் முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்தவனுக்கு எண்ணாமல் எதையும் பார்க்க வராது.

ஒரு ஞாயிறு டைரியை அவர் முன் நீட்டினேன்.

"போன வாரம் பெட்ரோல் கார்ல முந்தினது ஒன்பது தடவ. இன்னிக்கு மின்சாரக் கார்ல நாப்பத்தேழு. இப்ப சொல்லுங்க மாப்ள, எதுல விறுவிறுப்பு?"

அவர் டைரியைப் பார்க்கவே இல்லை. "அத்தான், கல்யாணத்துல நாயனக்காரர் வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, எத்தன தடவ கன்னம் உப்புச்சுன்னு எண்ணிக்கிட்டு இருப்பீங்களா? சத்தமே இல்லாம என்ன ரேஸு?"

"அமைதியா போறதுதான் அதோட அழகு."

"முப்பத்தெட்டு வருஷமா மோட்டாருக்குக் காயில் கட்டுறவன் சொல்றேன். மோட்டார் இருக்கறது தண்ணி இறைக்க. அதுக்கு நாலு சக்கரம் மாட்டி ஓட்டினா பம்புசெட்டு ஊர்வலம் போற மாதிரிதான் இருக்கும்."

அவர் பட்டறைக்குச் சுற்றுவட்டாரத்து வயல்களிலிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வரும். மின்சார மோட்டாரால் வீடு கட்டியவர், மின்சார மோட்டாரை இப்படி இளக்காரமாகப் பேசுவார். எல்லாவற்றுக்கும் காரணம், சின்ன வயதில் நாங்கள் இருவரும் ரயிலேறி மெட்ராஸ் பக்கம் போய்ப் பார்த்த ஒரே ஒரு கார்ப் பந்தயம். முதல் கார் எங்களைத் தாண்டியபோது சட்டைப் பொத்தான்கள் அதிர்ந்தன. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அன்று திறந்த வாயை அவர் இன்னும் முழுதாக மூடவில்லை என்பாள் என் மனைவி.

இந்தச் சண்டையில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அவருக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது.

ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளி முனையை வைத்து, அதன் பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, பேரிங் நன்றாக இருக்கிறதா என்று சொல்வது அவர் வழக்கம். கடந்த வருடம் அப்படி அவர் நல்லது என்று சொல்லி அனுப்பிய மோட்டார்களில் மூன்று, பேரிங் உடைந்து திரும்பி வந்தன. இப்போது வருகிற பேரிங்கே சரியில்லை என்றார். அதன் பிறகு மெயின் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பேருந்து அவருடைய பின் சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தேன் என்று ஓட்டுநர் சொல்ல, அடிக்கவில்லை என்று இவர் சத்தியம் செய்ய, கூடியிருந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்களாம்.

கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டி, காதுக்கு மெஷினும் வாங்கியாயிற்று. அது பீரோவில் டப்பாவுக்குள் இருந்தது. கேட்டால், "என் வண்டிச் சத்தம் எனக்குக் கேக்குது. அதுக்கு மேல என்ன கேக்கணும்?" என்பார். என் மனைவி மெயின் ரோட்டில் பேருந்து நீளமாக ஹாரன் அடித்தாலே வாசலுக்கு ஓடுவாள். ஒருநாள் பதினோரு முறை ஓடினாள். நான் எண்ணினேன். எண்ணியதற்குத் திட்டும் வாங்கினேன்.

குறுவை அறுவடை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரும் டிவிய பாத்துச் சண்ட போட்டது போதும். இவங்ககிட்ட கரண்டு ஸ்கூட்டர் இருக்கு. உங்கிட்ட அந்த ஓட்டை பைக் இருக்கு. ஓட்டிப் பாத்துருங்க. இவங்க ஜெயிச்சா நீ மெஷின மாட்டணும். நீ ஜெயிச்சா நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அவருக்குக் கேட்பதற்காக அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எடுக்கவே மாட்டியே? அப்புறம் பேச்சு மாறக்கூடாதுக்கா."

மின்சார ஸ்கூட்டர் என் மகள் வாங்கிக் கொடுத்தது. மின்கலத்தின் சார்ஜ் எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால் அதில் கடைத்தெருவைத் தாண்டிப் போனதில்லை. பந்தயம் என்றதும் மூன்று நாள் முன்னதாகவே குடமுருட்டி ஆற்றங்கரைச் சாலைக்குப் போய் நாடா பிடித்து அளந்தேன். வாய்க்கால் மதகிலிருந்து பேருந்து நிழற்குடை வரை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். வேகத்தடை இரண்டு, பள்ளம் ஏழு. எல்லாவற்றையும் வரைபடமாக வரைந்து அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் அதை மடித்து பைக் ஸ்டாண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி. மதகின் மேல் நின்றுகொண்டு என் மனைவி கையை இறக்கினாள். "ம், போங்க!"

ஸ்கூட்டர் அப்படிப் பாயும் என்று நான் நினைக்கவில்லை. கைப்பிடியை முழுக்க முறுக்கியது அதுதான் முதல் தடவை. ஒரு சத்தம் இல்லை, ஒரு உறுமல் இல்லை. மதகில் இருந்த நான் அடுத்த கணம் மதகில் இல்லை. செருப்பில் ஒன்று மட்டும் அங்கேயே இருந்தது. அவர் பைக்கை உதைத்து, அது இருமி, புகை கக்கி, நகரத் தொடங்கும்போது நான் முதல் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன். காற்று காதில் இரைந்தது. எழுபத்தொரு வயதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் பார்க்காதது நல்லது.

இரண்டாவது வேகத்தடையைத் தாண்டியதும் எதிரே சாலையைக் காணவில்லை. நெல்தான் இருந்தது.

நடுவில் இரண்டு நாள் மழை பெய்திருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட நெல்லையெல்லாம் சாலையில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ஓரம் முழுக்கக் கல் அடுக்கி, நிழற்குடை வரைக்கும் மஞ்சளாகப் பரப்பியிருந்தார்கள். ஆற்றுப் பக்கம் ஒரே ஒரு வண்டி போக மட்டும் வழி. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலையெல்லாம் களமாகிவிடும் என்பது பால்குடி மாறாத குழந்தைக்கும் தெரியும். பள்ளங்களை எண்ணிய எனக்குத் தோன்றவில்லை. வயலுக்கு வயல் மோட்டார் மாட்டிய அவருக்கும் தோன்றவில்லை. காயும் நெல் மேல் வண்டியை ஏற்ற இருவருக்கும் மனசு வராது.

நெல்லைக் கண்டதும் நான் பிரேக்கைப் பிடித்தேன். அதே நெல்லைக் கண்டதும் அவர் முறுக்கினார். அந்த ஒற்றை வழிக்குள் அவர் வண்டி முதலில் நுழைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பந்தயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் புகையைக் குடித்தபடி பின்னாலேயே போனேன். அவர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போனார். வழியில் இரண்டு இடத்தில் அவர் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் நான் போயிருப்பேன். ஹாரன் அடித்தேன். ஒதுங்கவில்லை. விட்டுவிட்டு அடித்தேன், நீளமாக அடித்தேன். ஆற்றங்கரையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அவர் திரும்பவில்லை. மொத்தம் முப்பத்தொரு முறை.

நிழற்குடைக்கு நாற்பது தப்படி இருக்கும்போது, காலால் நெல்லைத் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பைக்குக்கு ஒதுங்கி நின்றார். பைக் போனதும் மறுபடி வழியில் இறங்கினார். அங்கே நான் இருந்தேன். பிரேக் பிடித்த பிடியில் என் மூக்கு ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் இடித்தது.

"ஏன் சார், இப்பிடியா ஆவி மாதிரி வந்து நிப்பீங்க? ஒரு சத்தம் வேணாம்?"

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதானே வந்தேன்?"

"அது அந்த பைக்குக்காரர் அடிக்கறாருன்னுல்ல நெனச்சேன்! உங்க வண்டி வர்றது யாருக்குத் தெரியுது?"

இதற்குள் மைத்துனர் நிழற்குடையில் வண்டியை நிறுத்தி இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாளும் திட்டுவதற்கு இன்னும் மிச்சம் இருந்ததால் கூடவே வந்தார்.

"என்ன அத்தான், சார்ஜ் தீந்துபோச்சா? நெல்லுக்கிட்டயே நின்னுட்டீங்களோன்னு நெனச்சேன்."

"உங்க பின்னாடியேதான் வந்தேன் மாப்ள."

"பின்னாடியா? அப்ப ஒரு ஹாரன் அடிச்சிருந்தா வழி விட்டிருப்பேனே! நான் என்ன உங்களை மறிக்கிறவனா?"

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முழு மனசோடு சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல ஜோடி சார் நீங்க" என்றார். "இவரு வண்டி வர்றது எனக்குக் கேக்கல. இவரு அடிச்ச ஹாரன் அக்கரை வரைக்கும் கேட்டுது, உங்களுக்குக் கேக்கல. ரெண்டு பேரும் நெல்லு காயற வரைக்கும் வீட்ல இருங்க." சொல்லிவிட்டு நெல்லுக்குத் திரும்பிப் போனார்.

மைத்துனர் தன் பைக்கின் சைலன்சரைப் பார்த்தபடி நின்றார். நான் பேச்சை மாற்ற என் நாடியைப் பிடித்து எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. அவருடையதையும் பிடித்தேன். தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களா? விறுவிறுப்பு மின்சாரத்துலதான் ஜாஸ்தி."

"பயத்துல துடிக்கிறதெல்லாம் கணக்குல சேராது அத்தான்" என்றார். சொன்னார், ஆனால் குரலில் உப்பு இல்லை.

பந்தயத்தில் ஜெயித்தது அவர். என் மனைவி வாக்குத் தவறாதவள். அன்று மதியம் மெஷின் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுதும் எடுக்கவில்லை. வாசலுக்கு ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் நடந்து வந்தார். நானூற்றுப் பத்து தப்படியையும். வலது காதில் மெஷின் இருந்தது.

"பேட்டரி வேல செய்யுதான்னு பாக்கத்தான் மாட்டினேன்" என்றார், யாரும் கேட்காமலே.

என் மனைவி சமையலறையிலிருந்து தட்டோடு வந்தாள். அவர் இலையில் மட்டும் அப்பளம் மூன்று விழுந்தது, எனக்கு ஒன்று.

"வண்டி எங்க மாப்ள?"

"காலையில ஸ்டார்ட் பண்ணினேன் அத்தான். அம்மாடி! இந்தக் கத்தலையா தெருவுல இத்தன வருஷமா பொறுத்துக்கிட்டு இருந்தாங்க? ஒருத்தனாவது சொல்லக்கூடாது?"

சாப்பிட்டபின் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். மின்சாரக் கார்ப் பந்தயம். நான் டைரியைப் பிரித்தேன். கார்கள் கிளம்பியதும் அவர் கையை உயர்த்தினார், பட்டறையில் மோட்டாரைச் சோதிக்கும்போது எல்லாரையும் அடக்குவாரே, அதேபோல.

"அத்தான், சத்தம் இருக்கு."

"எங்க?"

"காருலதான். மெல்லிசா, ஊய்ய்ய்னு. வேகம் ஏற ஏற மேல போவுது பாருங்க. பல்சக்கரம் பேசுது. அந்தா, மொத கார்க்காரன் காலை எடுத்துட்டான். பின்னாடி வர்றவன் எடுக்கல, எடுக்கல... இப்ப முந்துவான்!"

முந்தினான். அவர் வாய் திறந்தே இருந்தது. அந்த மெட்ராஸ் பந்தயத்துக்குப் பிறகு அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கோ ஒரு ஊய்யும் கேட்கவில்லை. ஒலியைப் பதினெட்டிலிருந்து முப்பதுக்கு ஏற்றினேன். நாற்பதுக்கு ஏற்றினேன். சமையலறையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

"அந்தக் கூவலைக் கொஞ்சம் கொறைங்களேன், காதைக் குடையுது!"

அமைதிதான் அதன் அழகு என்று பதினான்கு மாதம் வாதாடியவன் நான்.

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கேக்குதா அத்தான்?"

"கேக்குதே."

"அப்ப கண்ண மூடுங்க. முன்னாடி போறவன் எப்ப பிரேக் போடறான்னு சொல்லுங்க."

மூடினேன். இருட்டுத்தான் இருந்தது. குத்துமதிப்பாக, "இப்ப" என்றேன். கண்ணைத் திறந்தபோது திரையில் குளிர்பான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி கையைத் துடைத்தபடி கதவருகே வந்து நின்றாள். பதினான்கு மாதமாகத் தம்பியைப் பார்த்த அதே பார்வை. இப்போது அது என் மேல் இருந்தது.

"அக்கா, நாளைக்குக் கும்பகோணத்துக்கு எத்தன மணி பஸ்ல போகலாம்?" என்றார் அவர்.

"அதெல்லாம் கிடையாது" என்றேன் நான். "முறைன்னு ஒண்ணு இருக்கு. எனக்கும் ஒரு பந்தயம் வைங்க. ஜெயிச்சா மாட்ட மாட்டேன்."

"தாராளமா வச்சுக்கலாம் அத்தான். அதே ரோடு, அதே மதகு." அவர் மெஷினைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார். "இந்தத் தடவ நீங்க முன்னாடி போங்க. ஹாரன் நான் அடிக்கிறேன். எத்தனைன்னு எண்ணிச் சொல்லிருங்க, போதும்."