நிப்பாட்டி வச்ச கேம்

மொபைல் கேம நடுவுல நிப்பாட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்த எங்கப்பா கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல.

ஆஸ்பத்திரில மூக்குல டியூப வச்சிக்கிட்டு எம் போனையே பாத்துட்டுக் கெடப்பாரு. நான் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து சுடுற கேம் ஆடிட்டு இருப்பேன். வேற என்ன பண்ண? பேசுனா அவருக்கு மூச்சு வாங்கும், பேசலன்னா எனக்கு வாங்கும். திடீர்னு நர்ஸ் வந்து, பேஷண்ட் கூட வந்தவங்க யாரு, மருந்து வாங்கிட்டு வாங்கன்னு கத்துவா. நான் ஓடிப் போயிட்டு வர்றதுக்குள்ள எவனோ என் ஆளச் சுட்டுப் போட்டுருப்பான். டீம்ல ஒரு பொடிப்பய மைக்குல ஹிந்தில எங்க பரம்பரையவே திட்டிட்டு இருப்பான். குரலே இன்னும் ஒடையல அவனுக்கு.

"நிப்பாட்டிட்டுப் போவேண்டியதானடே?"

"இதுல முடியாதுப்பா. ஆன்லைனு. நூறு பேரு சேந்து ஆடுதானுவ."

"ஒனக்கு ஒண்ணுக்கு வந்தா?"

"செத்துட்டுத்தான் போணும்."

"என்ன எழவு கேமுடே இது"ன்னுட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. அடுத்த நாளும் அதையே கேட்டாரு. நானும் அதையே சொன்னேன்.

இப்ப அவரு இல்ல. நான் மட்டும் இன்னும் அதே கேம ஆடிட்டு இருக்கேன். செம்பூர்ல டெலிவரிக்கிப் பார்சல் எடுத்துட்டு வாஷிக்கி ட்ரெயின் ஏறுனா, எறங்குற வரைக்கும் இதான். புடிச்சி ஆடுறேன்னு நெனைக்காதீங்க. எரிச்சலாத்தான் இருக்கு. தொறந்த ஒடனே அப்டேட்டு. அது முடிஞ்சா இன்னிக்கி கிஃப்ட் வாங்கிக்கோங்குறான். வாங்குனா ஒரு தொப்பி குடுக்குறான், அதப் போட்டுக்கிட்டு நான் எங்க போக? செத்தா, விளம்பரம் பாரு, எழுப்பி விடுறேன்னு வரும். சோப்பு விளம்பரம் முழுசாப் பாத்தா செத்தவன் எந்திரிச்சி நிப்பான். அதப் பாக்கும்போதெல்லாம் போனத் தூக்கி சாக்கடைல போடணும் போல வருது.

நான் சின்னப்பிள்ளையா ஆடுன கேம்ல இந்தக் கூத்தெல்லாம் கெடையாது. டிவி பக்கத்துல ஒரு டப்பா, அதுல சொருக ஒரு கேசட்டு. வேல செய்யலன்னா ஊதிட்டுத் திரும்பச் சொருகணும். குதிக்க ஒரு பட்டன், சுட ஒரு பட்டன். மூணு உயிரு. மூணும் போச்சுன்னா போச்சு, மொதல்ல இருந்து ஆடணும். எவனும் எதையும் விக்க வரமாட்டான். ஆனா ஸ்டார்ட் பட்டன அமுக்குனா எல்லாம் அப்பிடியே நிக்கும். ஆளு, குண்டு, பாட்டு எல்லாம். சோறு தின்னுட்டு வந்து அமுக்குனா விட்ட எடத்துல இருந்து ஓடும். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரே கேம் அதுதான். அதுவும் அவரு ஆடுனதில்ல. பாத்ததுதான்.

அவரு பாத்த கதைதான் இது.

அப்ப நாங்க தாராவில ஒரு சந்துக்குள்ள இருந்தோம். கீழ ஒரு ரூமு, ஏணி ஏறுனா மேல ஒரு ரூமு. அப்பா பேக் தைக்கிற கார்கானால மிஷின்காரரு. எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் ஒரே மீட்டரு. அத்தைன்னா சொந்தம் இல்ல, அவுகளும் திருநெல்வேலிப் பக்கம்தான். இட்லி அவிச்சி வீட்டுக்காரரு சைக்கிள்ல வச்சி அனுப்புவாங்க. விடியக் கருக்கல்ல தண்ணி வர்ற நேரத்துல எங்க மோட்டரப் போட்டு, அவங்க கிரைண்டரப் போட்டு, கூட டிவியும் ஓடுச்சுன்னா டப்புனு ஃபியூஸ் போயிரும். கேம் ஆடிட்டு இருந்தா அது அம்புட்டுத்தான். அதுனாலயே எனக்கு அந்த அத்தையக் கண்டா ஆகாது.

மழக்காலம். எனக்கு எட்டு ஒம்பது வயசு இருக்கும். ரெண்டு நாளா காய்ச்சல், ஸ்கூலுக்குப் போகல. படுன்னாங்க, படுக்கல. அன்னிக்கித்தான் எம் ஆளு என்னிக்கும் போகாத எடத்துக்குப் போயிட்டான். நீல பேண்ட்டு, மேல சட்ட கெடையாது, கையில துப்பாக்கி. சுத்தி ஒரே பனி. கடைசி உயிரு. எதுத்தாப்புல இருக்குறவன் சுட்டுட்டான், குண்டு வந்துட்டு இருக்கு, நான் குதிக்கணும், அந்நேரம் பாத்து எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஸ்டார்ட்ட அமுக்கிட்டு ஏணிக்கி அடியிலயே வாந்தி எடுத்தேன். பெறவு தல சுத்திருச்சு.

அம்மா தூக்கிட்டு ஓடுனா. டாக்சில வச்சி நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "யாரும் கேம அணைக்கக் கூடாது. அப்பாட்ட சொல்லு." அழுதுகிட்டே சொன்னேனாம். அம்மா சரிடா சரிடான்னாளாம்.

டெங்கு. ரத்தத்துல என்னமோ கொறையுதுன்னு பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. பிள்ளைங்க வார்டுல கூட ஒரு பொம்பள மட்டும்தான் இருக்கலாம். ஆம்பளைங்க சாயந்தரம் கொஞ்ச நேரம் வந்து பாத்துட்டு வெளிய போயிரணும், வாட்ச்மேன் விரட்டுவான். அப்பா வருவாரு, கட்டில் காலப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. நான் அரத் தூக்கத்துல, கேம் இருக்கான்னு கேப்பேன். இருக்குன்னுவாரு. அம்புட்டுத்தான். பக்கத்துக் கட்டில் பையனோட அப்பா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய பிளாட்பாரத்துலயே துண்ட விரிச்சிப் படுத்துக் கெடக்காருன்னு அம்மா ஒருநாள் சொன்னா. "எங்கப்பா எங்க?"ன்னு கேட்டேன்.

"வீட்டுல. டிவிய உத்துப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

கோவத்துல சொன்னாளா, களைப்புல சொன்னாளா, தெரியல. நான் கிரிக்கெட் பாக்காருன்னு நெனச்சேன். மேட்ச் நாள்ல அவரு சோத்தக் கூட டிவி முன்னாடி வச்சித்தான் திம்பாரு. சரி, மகன் ஆஸ்பத்திரில கெடக்கான், இவருக்கு மேட்ச் முக்கியம்னு நெனச்சி, அடுத்த தடவ அவரு வந்தப்ப கண்ண மூடிட்டு முழிக்காமயே கெடந்தேன்.

வீட்டுல நடந்தத அக்காதான் பெறவு சொன்னா. சொல்லும்போதே அவளுக்குக் கொதிச்சிட்டு வரும். அவளுக்கு சீரியல் போச்சு. என்னைச் சேத்த அன்னிக்கி ராத்திரி அப்பா துணி எடுக்க வீட்டுக்கு வந்திருக்காரு. டாக்டரு எதையும் சொல்ல முடியாதுன்னுட்டாராம். உள்ள வந்து பாத்தா இருட்டு ரூமுல டிவி மட்டும் எரிஞ்சிட்டு இருக்கு. அந்த ஆளு நிக்கான். அப்பா எம்புட்டு நேரமோ பாத்துட்டு, "ஏட்டி, இத யாரும் அணைக்கப்பிடாது"ன்னுட்டுப் போயிருக்காரு.

அதோட ஆரம்பிச்சிது. மேட்ச் கெடையாது. சீரியல் கெடையாது. மோட்டரு போட்டா ஃபியூஸ் போயிரும்னு, அப்பா கருக்கல்ல எந்திரிச்சி, சந்து மொனையில இருக்குற நல்லிக் கொழாயில பொம்பளைங்களோட லைன்ல நின்னு, ஹண்டாக் கொடத்துல தண்ணி புடிச்சி தோள்ல வச்சித் தூக்கிட்டு வந்தாரு. எங்க சந்துல ஆம்பளைங்க தண்ணி தூக்குறது வழக்கம் கெடையாது.

"என்ன அண்ணாச்சி, மதினி விட்டுட்டுப் போயிட்டாகளா?"ன்னு ஒருத்தி கேக்க, லைனே சிரிச்சிதாம். அப்பா கொடத்தக் கழுவிட்டே நின்னாராம்.

இட்லி அத்தைட்ட போயி, கொஞ்ச நாளைக்கி கிரைண்டரு போடாதீங்கன்னு கேட்டிருக்காரு. அவங்க பொழப்பே அதுதான.

"அண்ணாச்சி, டிவி பொம்மைக்காக நான் மாவாட்டாமக் கெடக்கணுமா? நாளைக்கி எம் வீட்டுக்காரரு சைக்கிள்ல காத்தையா கட்டிட்டுப் போவாரு?"

அப்பா வாசல விட்டு நகரல. அத்த அவரு மூஞ்சியப் பாத்துட்டு, "சரி, போங்க"ன்னுட்டாங்களாம். அன்னியில இருந்து அரிசியத் தூக்கிட்டு ரெண்டு சந்து தள்ளிப் போயி வேற வீட்டுல ஆட்டிட்டு வந்தாங்க.

டப்பாவோட அடாப்டரு சூடாகி பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சிருக்கு. இருந்த ஒரே டேபிள் ஃபேன அதுக்கு நேரா திருப்பி வச்சிட்டாரு. அப்பாவும் அக்காவும் வேத்து ஊத்திக்கிட்டு கெடக்க, அடாப்டரு மட்டும் ஜம்முனு காத்து வாங்குச்சு. கார்கானா விட்டு வந்தா ஆஸ்பத்திரி, அங்கன வெளிய அனுப்புனா நேரா வந்து டிவி முன்னாடி. "அந்த வெள்ளப் புள்ளி என்னட்டி?"ன்னு அக்காட்ட கேட்டிருக்காரு. "குண்டுப்பா"ன்னு இவ சொன்னாளாம். "எங்க போவுது?" "அவன் நெஞ்சுக்குத்தான்." அதுக்கப்புறம் அன்னிக்கி அவரு சாப்புடல.

எனக்கு சரியாயி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அத்த வாசல்ல நின்னு, "வந்துட்டியா ஐயா, இனிமேலாவது எங் கிரைண்டர ஓட விடு"ன்னு கன்னத்தப் புடிச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கையத் தட்டி விட்டுட்டு உள்ள ஓடுனேன். ஓடக் கூட முடியல, செவுத்தப் புடிச்சிட்டே போனேன்.

எம் ஆளு நிக்கான். அப்பிடியே. குண்டும் அங்கனயே இருக்கு.

சந்தோசத்துக்கு முன்னாடி எரிச்சல்தான் வந்துச்சு. "டிவியவும் அணைக்கலயா? டிவிய அணைச்சாலும் கேம் டப்பாக்குள்ள இருக்கும்ப்பா. டப்பாதான் ஓடணும்."

"தெரியும்டே. ஒங்கக்கா சொன்னா."

"பெறவு?"

"பாக்கணும்லா"ன்னாரு.

அக்கா தலைல அடிச்சிக்கிட்டா. அம்மா பையக் கீழ வச்சா.

நான் போயி உக்காந்தேன். அப்பா பின்னாடி வந்து குத்த வச்சி உக்காந்தாரு. ஒருநாளும் அப்பிடி உக்காந்தவரு இல்ல, நான் கேம் ஆடுனாலே திட்டுற ஆளு. காதுக்கிட்ட வந்து மெதுவாச் சொல்லுதாரு. "அமுக்குன ஒடனே குதிச்சிரு. குண்டு நெஞ்சுக்கு நேரா வருது. பின்னாடி போவாத, பள்ளம் இருக்கு. குதி, அதான் வழி."

"எனக்குத் தெரியும்ப்பா. நீ சும்மா இரு."

அமுக்குனேன். வெரல்ல பலமே இல்ல. குதிக்கிற பட்டன அமுக்குறதுக்குள்ள குண்டு பட்டு, எம் ஆளு மல்லாக்க விழுந்தான். கடைசி உயிரு. டிவி கருப்பாச்சு, நம்பரு வந்துச்சு, ஒரு மொக்கப் பாட்டு ஓடுச்சு.

அக்கா சிரிச்சிட்டா. "இதுக்கா என் சீரியலெல்லாம் போச்சு"ன்னா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. திரும்பிப் பாத்தா அப்பா சிரிக்கல. எந் தோளப் புடிச்சிட்டு இருந்தாரு. அழுத்திப் புடிச்சிருந்தாரு, வலிச்சிது. கரண்டு பில்லுக்காகத்தான் கோவம்னு நெனச்சேன். பெறவு எந் நெத்தியில கைய வச்சிப் பாத்தாரு. கழுத்துல வச்சிப் பாத்தாரு.

"சுடலப்பா. காய்ச்சல் போயிருச்சு."

"இவன் திரும்ப வர மாட்டானா?"

"வருவான். மொதல்ல இருந்து ஆடணும்."

"வரச் சொல்லு."

"நாளைக்கி ஆடுறேம்ப்பா. தூக்கம் வருது."

"வரச் சொல்லுடே."

என்ன மனுசன் இவருன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் கேட்டா அஞ்சு நிமிசம் ஆட விட மாட்டாரு, தூக்கம் வருதுங்கும்போது ஆடுங்காரு. வீம்புக்கு ஸ்டார்ட்ட ஓங்கிக் குத்துனேன். மொத ஸ்டேஜு வந்துச்சு. மரமும் தண்ணியுமா. மேல இருந்து எம் ஆளு சுத்திக்கிட்டே வந்து விழுந்தான், எந்திரிச்சி நின்னான். நீல பேண்ட்டு, துப்பாக்கி. ஒரு குண்டும் கெடையாது, எதுத்தாப்புல ஒருத்தனும் இன்னும் வரல.

அப்பா கொஞ்ச நேரம் பாத்தாரு.

"நிக்கான்லா?"

"நிக்கான்."

"ஆங். இப்ப அணை"ன்னாரு. எந் தோள விட்டாரு. பெறவு எந்திரிச்சிப் போயி ஃபேன என் பக்கம் திருப்பி வச்சாரு. மறுநா காலைல மோட்டரு ஓடுச்சு, கிரைண்டரும் ஓடுச்சு, ஃபியூஸும் போச்சு. அத்தன நாள் அணைக்காம வச்சதுல, அந்த டிவியில பனி ஸ்டேஜோட நெழலு மட்டும் போகவே இல்ல. எந்த சீரியல் பாத்தாலும் ஹீரோயின் நெஞ்சுல துப்பாக்கியோட ஒருத்தன் லேசா நிப்பான். டிவிய எடைக்குப் போடுற வரைக்கும் நின்னான்.

அன்னிக்கி ராத்திரி பாய்ல படுத்து யோசிச்சேன். அப்பாவுக்கு கேம் ஆசை வந்துருச்சு, வெளிய சொல்ல வெக்கப்படுதாருன்னு கண்டுபுடிச்சிட்டேன். பாவமா இருந்துச்சு.

"ப்பா, நாளைக்கி ஒனக்கும் சொல்லித் தாரேன். குதிக்கிறது ரொம்ப ஈசி."

இருட்டுக்குள்ள இருந்து, சரிடேன்னாரு.