ஓட்டிப் பார்க்காத கூண்டு

ஒன்பது நிமிட ஒளிப்பதிவு ஒன்று எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று வாரமாகச் சுற்றி வருகிறது. அதில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவன் நான். பேச்சு நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். பேச்சில் இருக்கும் செய்தி பொய்.

ஆகையால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. பிறர் செய்த பிழையாக இருந்திருந்தால், வழக்கம்போல் இந்த வாரப் பத்தியில் நான்கு வரி நையாண்டி செய்துவிட்டு அடுத்த பொருளுக்கு நகர்ந்திருப்பேன். இது என் வாயிலிருந்து வந்த பிழை. அதனால் ஒருவர் வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பெயர் மாசிலாமணி. வயது அறுபத்தொன்பது.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் மகன் வாங்கிய வீட்டில், பதினோராம் தளத்தில், நானும் என் மனைவியும் ஆறாண்டுகளாக வசிக்கிறோம். கட்டடத்தில் நான்கு மின்தூக்கிகள். அவற்றைப் பராமரித்து வந்தவர்தான் மாசிலாமணி. நான் மின்தூக்கி என்று சொன்னால் அவர் சிரிப்பார். "நீங்க இன்னா பேரு வச்சாலும் சார், அது நிக்கிறப்போ எல்லாரும் லிஃப்டுன்னுதான் திட்டுவாங்கோ."

கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தின் வாய்க்கருகே எஞ்சின் அறை ஒன்று இருக்குமாம். தொழிலாளர்களைக் கூண்டில் ஏற்றி நிலத்தடிக்கு இறக்குவதும் மேலே எடுப்பதும் அந்த எஞ்சின்தான். இருபது ஆண்டுகள் அதை ஓட்டியவர் அவர்.

"ஏர்றவன் மூஞ்சிய நான் பாக்கவே மாட்டேன் சார். எனக்கு மணிதான். ஒண்ணு அடிச்சா நிறுத்தணும். ரெண்டு அடிச்சா இறக்கணும். மூணு அடிச்சா, உள்ள மனுஷன் ஏறிக்கினு கீறான்னு அர்த்தம். மூணு கேட்டாப் போதும், கை தானா மெதுவாயிடும்."

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்குமுன்பும், எஞ்சின் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பவும் ஓடும்போதும், முதலில் வெறுங்கூண்டை அடிவரை இறக்கி, ஏற்றிப் பார்க்கவேண்டும். அதன் பிறகே ஆள். எவ்வளவு அவசரமானாலும், எவர் வந்து நின்றாலும், முதல் ஓட்டம் வெறுங்கூண்டுக்குத்தான்.

அவருடைய நாற்பத்தைந்தாம் வயதில் சுரங்கம் மூடப்பட்டது. சில ஆண்டுகள் எதையெதையோ செய்துவிட்டுப் பெங்களூருக்கு வந்தார். இங்கே செவிலியாக இருக்கும் மகள் வீட்டில் தங்கினார். எங்கள் அடுக்ககத்தில் வேலை கிடைத்தபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கு மின்தூக்கிகளையும் ஒவ்வொன்றாக வெறுமையாக உச்சிக்கு அனுப்பி இறக்குவார். பிறகு தாமே ஏறி, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒருமுறை போய்வருவார். நான் நடைப்பயிற்சிக்கு இறங்கும்போது கீழே நின்றுகொண்டிருப்பார்.

"வாக்கிங்கா சார்? போய்ட்டு வாங்கோ. நாலும் நல்லாருக்கு."

இதை யார் கேட்டார்கள்? எவரும் கேட்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

ஒருநாள் காலை எட்டரை மணிக்கு மின்சாரம் போயிற்று. நெடுநேரம் கழித்து வந்தது. கீழ்த்தளத்தில், மேலே எதையோ மறந்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் மின்தூக்கிக்குள் கால் வைக்கப் போனார். மாசிலாமணி வாயிலின் குறுக்கே கையை நீட்டினார். நான் நாளிதழோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"ரெண்டே நிமிஷம் தம்பி. காலியா ஒருவாட்டி போய்ட்டு வரட்டும்."

"அங்கிள், ஹட்டுங்க, வழி விடுங்க! கேப் வெளிய நிக்குது."

"நிக்கட்டும். கேப்பு கீழ விழாது."

"இது என் லிஃப்ட். மெயின்டனன்ஸ் நான் கட்றேன். என்னை நிறுத்த நீங்க யாரு?"

"லிஃப்டு உங்களுதுதான் தம்பி. அந்தக் கயித்துக்கு அது தெரியாதே."

அன்று அந்த இளைஞருக்கு நிறுவன வண்டி தவறிவிட்டது. மாலைக்குள் குழுவில் நாற்பது பதிவுகள். 'ஏஜ் ஃபேக்டர்' என்ற சொல்லை யாரோ முதலில் எழுதினார்கள். பிறகு எல்லாரும் எழுதினார்கள். நானும் படித்தேன். புன்னகைத்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சங்கச் செயலாளர் முரளிதர் வீட்டுக்கு வந்தார். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

"நமஸ்காரா சார், சென்னாகித்தீரா? ஒரு சின்ன ஃபங்ஷன். நம்ம மாசிலாமணிக்கு ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ்ல பாராட்டு. நீங்கதான் பேசணும்."

"மிக்க மகிழ்ச்சி. எதைப் பற்றி?"

"அதான் சார்... உழைச்ச மனுஷன், இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்... அந்த மாதிரி. நீங்க சொன்னா அழகா இருக்கும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சர்ப்ரைஸ்!"

ஓய்வு பெறுகிறார் போலும் என்று நானே எண்ணிக்கொண்டேன். யார் முடிவு செய்தது என்று கேட்டேனா? இல்லை. இடையில் ஐந்து விடியற்காலைகள் இருந்தன. ஐந்திலும் அவரைக் கண்டேன். ஐந்திலும் "நாலும் நல்லாருக்கு" என்றார். அவருக்குத் தெரியாத நற்செய்தி ஒன்று என்னிடம் இருப்பதாக உள்ளூர மகிழ்ந்துகொண்டே நடக்கப் போனேன்.

ஞாயிறும் வந்தது. பொன்னாடை, சுவர்க்கடிகாரம், கேசரி. மாசிலாமணியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சீருடையில் இருந்தார். ஏதோ பாராட்டு என்ற அளவில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் எழுந்தேன். முந்தைய நாள் மாலை முழுவதும் செதுக்கிய உரை. அதன் நிறைவு வாக்கியம் இது: "எத்தனையோ உயிர்களை ஏற்றி இறக்கிய இக்கைகள் இனியேனும் இளைப்பாறட்டும், அவர் கேட்டுப் பெற்ற ஓய்வு அவருக்கு இனிக்கட்டும்!"

அவர் கேட்டுப் பெற்ற... இந்த மூன்று சொற்களை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முரளிதர்கூடச் சொல்லவில்லை. வாக்கியத்தின் ஓசை நிரம்பவேண்டும் என்பதற்காக நானே சேர்த்தேன்.

கைதட்டல் பெரிதாக இருந்தது. மாசிலாமணி மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். கடிகாரத்தைக் கொடுத்தார்கள். முரளிதர் மிகப் பணிவாக, புகைப்படத்துக்குப் புன்னகைத்தபடியே, வலக்கையை நீட்டினார்.

"அப்படியே அந்த லிஃப்ட் சாவி..."

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியை மாசிலாமணி பொன்னாடைக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார். ஒரு கையில் கடிகாரம் இருந்ததால் கயிற்றைத் தலைவழியாகக் கழற்ற முடியவில்லை. யாரோ உதவினார்கள். அதுவும் ஒளிப்பதிவில் இருக்கிறது.

நிகழ்ச்சிக்குப் பின் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். "இந்த வயசுலயும் வாராவாரம் எழுதறீங்களே அங்கிள், சோ இன்ஸ்பைரிங்!"

எனக்கு மாசிலாமணியைவிட மூன்று வயது அதிகம். என் கண்புரையும் மறதியும் ஊரறிந்தவை. ஆனால் எனக்கு 'ஏஜ் ஃபேக்டர்' இல்லை! ஏன்? என் எழுத்தால் எவருடைய வண்டியும் தவறுவதில்லை. அவ்வளவுதான் காரணம். முதியவர்கள் உழைப்பது நம்மவர்க்கு மிகவும் பிடிக்கும். மாரத்தானில் ஓடலாம், ஓவியம் தீட்டலாம், பத்தி எழுதலாம். படம் எடுத்துப் போடுவார்கள். உழைப்புக்குள் ஓர் அதிகாரம் இருந்து, "நில், இரண்டு நிமிடம்" என்று அது சொல்லிவிட்டால் மட்டும், அவருடைய உடல்நலத்தின்மேல் எல்லாருக்கும் திடீரென்று அக்கறை வந்துவிடும்.

அவரைத் தேடி அடித்தளத்துக்குப் போனேன். பம்ப் அறைக்குப் பக்கத்தில் அவருடைய மேசை. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாசிலாமணி, எனக்குத் தெரியாது. நீங்களே விலகுகிறீர்கள் என்று நினைத்தேன்."

"தெரியாதா?"

"உண்மையாகவே தெரியாது."

"தெரியாத விஷயத்தை இவ்ளோ நல்லாப் பேசறீங்களே சார்."

அவரே தொடர்ந்தார்.

"டெய்லி காத்தால பாக்கறோம். ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேணாம் சார்னு சொல்லியிருப்பேன். மைன்ஸ் மூடினப்போ எங்க லைன்ல, அதான் சார் கம்பெனி கட்டிக் குடுத்த வரிசை வீடு, அங்க ஆம்பளைங்க எல்லாம் வாசல்ல வந்து உக்காந்தாங்கோ. நல்லா வேலை செஞ்சவங்கோ. ஒரு மாசம், ரெண்டு மாசம்னு உக்காந்தாங்கோ. உக்காந்தவன் எவனும் எழுந்திருக்கல சார். நான் மட்டும்தான் எழுந்து ரயில் ஏறினேன். திரும்ப உக்காரக் கூடாதுன்னுதான்..."

பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மறுநாள் முரளிதரிடம் போனேன். மாசிலாமணி விலக விரும்பவில்லை, திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சார், நீங்களே சொன்னீங்களே, கேட்டு வாங்கின ஓய்வுன்னு? நாங்கூட அந்த ஆங்கிள்ல யோசிக்கல. அதையே நோட்டீஸ்ல போட்டுட்டோம்."

உண்மைதான். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஒட்டப்பட்டிருந்தது: தமது சொந்த விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகும் திரு. மாசிலாமணிக்கு நன்றி.

"அது பிழை. எடுத்துவிடுங்கள்."

"இப்ப எடுத்தா அசிங்கம் சார். அவருக்கும்தான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. இனிமே லிஃப்டெல்லாம் கம்பெனிக்காரன் ஆப்லயே பாத்துக்குவான்."

விடவில்லை. ஐந்து பக்கத்தில் மறுப்புக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் பெயர்த்துக் குழுவில் இடும்படி மகனிடம் கொடுத்தேன். அவன் படித்தான், நெடுநேரம் படித்தான்.

"அப்பா, இதை இப்படியே போட்டா சண்டை வரும். நாம இங்கதான் இருக்கணும். ஷார்ட்டா போடறேன்."

போட்டான். இரண்டே வரி, மாசிலாமணியின் சேவையை மறக்கக்கூடாது என்பது அதன் சாரம். இருபத்தேழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தால் மாசிலாமணி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என்ன ஆயிற்று? மின்தூக்கி ஓடவில்லையா?"

"ஓடுது சார்."

"பிறகு ஏன் பதினொரு மாடியை ஏறி வந்தீர்கள்?"

"காத்தால யாரு ஓட்டிப் பாத்தாங்கோ?"

தண்ணீரைக் குடித்து முடித்து, கையிலிருந்த துணிப்பையை நீட்டினார். உள்ளே மடிப்புக் கலையாமல் அந்தப் பொன்னாடை.

"இது உங்க பேச்சுக்குக் குடுத்தது சார். என் வேலைக்குன்னா, வேலையக் குடுத்திருப்பாங்கோ. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உள்ளே வந்து உட்காருங்கள்."

"உக்கார்றதுக்கா சார் வந்தேன்?" என்று சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இறங்கவும் படிக்கட்டைத்தான் பிடித்தார். ஒவ்வொரு தளத்திலும் அவர் நின்று மூச்சு வாங்குவது மேலே எனக்குக் கேட்டது. ஏழாம் தளம்வரை எண்ணினேன். அதற்குக் கீழே கேட்கவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். முழங்கால் இடங்கொடுக்காது, நாள்தோறும் மின்தூக்கியில்தான் போய்வருகிறேன். கதவு மூடியதும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொன்னாடை என் புத்தக அலமாரியில் இருக்கிறது.

இனி, ஒரு வேண்டுகோள். சுரங்கத்தின் மணிக்குறிகளையும் வெறுங்கூண்டு வழக்கத்தையும் நான் செவிவழியாக அறிந்தவாறு எழுதியிருக்கிறேன். எண்ணிக்கையிலோ முறையிலோ தவறு இருப்பின், தங்கவயலில் பணியாற்றிய வாசகர்களும் அவர்தம் பிள்ளைகளும் எழுதித் திருத்தவேண்டும், நன்றியோடு ஏற்பேன். மாசிலாமணி ஓய்வைக் கேட்டுப் பெற்றார் என்ற பிழையை மட்டும் நானே திருத்திவிடுகிறேன்: அவர் கேட்கவில்லை.

பேச்சு நன்றாக இருந்தது என்று தயவுசெய்து எவரும் எழுதவேண்டா.