இளங்கோவை நெய்வேலியில் விட்டு வந்த நான்கு நாட்கள்

நெய்வேலிக்கு எப்படிப் போவது, பிள்ளைகளோடு போனால் என்னென்ன பார்க்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் அந்த ஊருக்குப் போனது இரண்டே முறை. இரண்டும் எண்பதுகளின் தொடக்கத்தில். அதனால் நேரமும் கட்டணமும் இப்போது உதவாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் பயணம் ஒரு மே மாதம். எனக்கு முப்பத்துநான்கு வயது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. திண்டுக்கல்லில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் தங்கை வசந்தா மஞ்சள்காமாலையில் போனபோது அவள் மகன் இளங்கோவுக்குப் பதினோரு மாதம். அவன் அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நான் தூக்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்றேகால் வருடம் அவன் என்னோடுதான் தூங்கினான், என் தட்டில்தான் சாப்பிட்டான்.

அந்த வருடம் தை மாதம் அவர் மறுமணம் செய்துகொண்டார். பெண் சேத்தியாத்தோப்புப் பக்கம், விவசாயக் குடும்பம். ஜூனில் பையனை டவுன்ஷிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், கூட்டி வந்து விடுங்கள் என்று கடிதம் வந்தது. அதில் குற்றம் சொல்ல ஒரு வரிகூட இல்லை. நான் பலமுறை தேடிப் பார்த்தேன்.

காலை ஆறேகாலுக்குத் திண்டுக்கல்லில் பாசஞ்சர் ஏறினோம். திருச்சி வழியாக விருத்தாசலம், ஏறக்குறைய ஏழு மணி நேரம். சின்னப் பிள்ளையோடு பகல் வண்டியில் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த ஏழு மணி நேரமும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் தனக்குத் தெரிந்த எழுத்தைக் கண்டுபிடித்துச் சொன்னான் இளங்கோ. தெரியாத எழுத்து வந்தால், "இத இன்னும் யாரும் சொல்லிக் குடுக்கல" என்று என்னைப் பார்ப்பான், அந்த யாரும் நானில்லை என்பதுபோல. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அரியலூர் தாண்டி என் மடியில் கவிழ்ந்து தூங்கிப்போனான். கால் மரத்துப் போனாலும் நான் அசையவில்லை.

விருத்தாசலத்திலிருந்து பஸ். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் செம்மண், முந்திரித்தோப்பு, பலாப்பழ வாசனை. கண்டக்டர் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"அரை டிக்கெட் எடுக்கணும்ங்க. உங்க புள்ளைங்களா?"

"ஆமா" என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தச் சுகத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

டவுன்ஷிப் எனக்குப் பிடித்த ஊர்தான். கோடு போட்டது போன்ற அகலமான சாலைகள், வரிசையாக வேம்பு, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு எண். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் பிளாக் எண், தெருப் பெயர், வீட்டு எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு வீடு மாறித் தட்டினோம்.

மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்தது லட்சுமி, தங்கை கணவரின் புது மனைவி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். இளங்கோவைப் பார்த்ததும் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "வரட்டுங்கக்கா, மெதுவா வரட்டும்" என்றாள். அவளை வெறுத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை.

மறுநாள் தங்கை கணவர் அனுமதி வாங்கிச் சுரங்கத்தைக் காட்டினார். பத்து மணிக்குள் போய்விட வேண்டும், பிறகு வெயில் தாங்காது. மேட்டில் நின்று பார்த்தால் ஊரையே தோண்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம். அடியில் கருப்பாக நிலக்கரி. பெரிய சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தது. இளங்கோ என் தோளில் உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, எல்லா மண்ணையும் எடுத்துட்டா நாம எங்க நிக்கிறது?" என்று கேட்டான். அவன் அப்பா சிரித்தார்.

மூன்றாம் நாள் வடலூர். பஸ்ஸில் அரை மணி நேரம். சத்திய ஞான சபையைச் சுற்றி வந்து, தருமசாலையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கட்டணம் கிடையாது, பிள்ளைகளோடு போகிறவர்கள் தவற விடாதீர்கள். லட்சுமியும் வந்திருந்தாள். அவள் ஊட்டப் போனாள், அவன் வாயை மூடிக்கொண்டான். நான் கையை நீட்டினேன், உடனே திறந்தான். எனக்கு உள்ளே ஒரு குதூகலம். மறைத்துக்கொள்ளத்தான் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது லட்சுமி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை தங்கை கணவர் என்னிடம் பேசினார். நல்ல மனிதர், திக்கித் திணறிப் பேசினார்.

"மதினி, பத்து நாள் இருங்கன்னு நான்தான் எழுதினேன். ஆனா நீங்க இருக்குற வரைக்கும் அவன் இவகிட்ட ஒட்ட மாட்டான். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுக்கல தம்பி. நாளைக்கே கெளம்புறேன்."

நான்காம் நாள் காலை அவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். பத்தரை மணிக்கு எனக்கு விருத்தாசலம் பஸ். இளங்கோ வாசலில் பலாக்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். லட்சுமி என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"புள்ளைகிட்ட சொல்லிட்டுப் போங்கக்கா. அழுவான். அழுதா அழுதுட்டுப் போறான், நான் பாத்துக்கினு இருக்கேன். சொல்லாம மட்டும் போயிடாதீங்க."

சரி என்றேன். சொல்லத்தான் போனேன். அவன் நிமிர்ந்து, "எங்க போற?" என்று கேட்டதும் என் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"கடைக்குப்பா. இப்ப வந்துருவேன்."

"சீக்கிரம் வா" என்றான். கொட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லட்சுமி கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கட்டிக்கொண்டு அழுதிருந்தால் என்னால் விட முடியாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவன் அழுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. எனக்கு வர வேண்டிய கஷ்டத்தையும் நான்கு வயதுப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

இருபது நாள் கழித்து லட்சுமி எழுதியிருந்தாள். கேட் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பானாம். சாப்பிடக் கூப்பிட்டால், "கடைக்குப் போனவங்க வரட்டும்" என்பானாம். எட்டு நாள் அப்படி. ஒன்பதாம் நாள் தானாக எழுந்து வந்து அவளிடம் சோறு கேட்டானாம். "இப்பல்லாம் உங்களக் கேக்கறதில்லக்கா. என்மேல கோவப்படாதீங்க" என்று முடித்திருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு மத்தியானம் வகுப்புக்குப் போனேன். இளங்கோ வயதுப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் மறுபடியும் போனேன். அதே பாசஞ்சர், அதே பஸ். இந்த முறை வீடு மாறித் தட்டவில்லை. இளங்கோதான் கதவைத் திறந்தான். உயரமாகியிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வாங்க. உக்காருங்க. அம்மா வூட்டுல இருக்காங்க, கூப்புடறேன்" என்றான்.

பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகியிருந்தது. "என்னைத் தெரியுதாப்பா?" என்று கேட்டேன். "தெரியும்ங்க" என்றான். இரண்டு நாள் இருந்தேன். மரியாதையாக நடந்துகொண்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மடிக்கு மட்டும் வரவில்லை. கடைக்குப் போகலாமா என்று நான் வாய் தவறிக் கேட்டபோது, எழுந்து போய் லட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவன் நன்றாக இருக்கிறான், கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: விருத்தாசலம், வடலூர் இரண்டு பக்கமிருந்தும் பஸ் நிறைய உண்டு. சுரங்கம் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பலாப்பழ நாளில் போனால் நல்லது. வடலூருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தை ஒதுக்குங்கள்.

யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு வருவதாக இருந்தால், கிளம்புகிற நேரத்தை அதனிடம் சொல்லிவிடுங்கள். அழும். அந்த அழுகைக்காவது நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். மறுநாளிலிருந்து அதுவும் உங்களுக்குக் கிடையாது.