டி டிரைவில் இருந்த ஆள்

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் நாகபூஷணத்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் பேனாவை நூல்போட்டு மேசையோடு கட்டியிருப்பார். தண்ணீர் கேனுக்குக்கூடப் பூட்டு உண்டு. எதிர்க்கடை ரமணாவும் பேனர் போடுகிறவர். தன் டிசைனையெல்லாம் அவர் சுடுகிறார் என்று சந்தேகம் வந்து, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

போன ஆவணியில் நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் அருள்குமார், சொந்தக்காரர் அத்தனை பேர் முகமும் பேனரில் வரவேண்டும் என்று ஒரு பை நிறைய போட்டோ கொண்டுவந்தார். கடையில் டிசைன் போடும் ஹரிப்ரியா ஒவ்வொரு முகமாக ஏற்றினாள். சித்தூர்ப் பெரியப்பாக்கள் வரை சரியாகப் போயிற்று. திருப்பதி சம்பந்திகள் ஏற ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ரேமில் இடமில்லை. அதில் கொள்ளாததை இறக்கி வைத்துக்கொள்ள, டி டிரைவில் பெரிதாக ஒரு பேஜ் பைலை ஒதுக்கிக் கொடுத்தாள். வேலை ஓடியது. முதலாளியிடம் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நாகபூஷணம் பார்த்தால் டி டிரைவில் பாதி இடம் காணோம். மறைந்திருக்கும் பைல்களையும் காட்டச்சொல்லித்தான் அவர் கம்ப்யூட்டரை வைத்திருப்பார். தேடியதில் பேஜ் பைல் என்று ஒன்று யானை மாதிரி படுத்திருந்தது. அழிக்கப் பார்த்தார். இந்த பைலை வேறொருவரோ வேறொரு புரோகிராமோ பயன்படுத்துவதாக இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு வந்தது. புரோகிராம் வரைக்கும் அவர் படிக்கவில்லை. வேறொருவர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வியாபாரத்தைத் தமிழிலும் சண்டையைத் தெலுங்கிலும் செய்கிறவர் அவர். ரோட்டைத் தாண்டிப் போய், "ஏமய்யா ரமணா, நா பைலுதோ நீக்கேம் பனி?" என்று, தன் பைலில் அவருக்கென்ன வேலை எனக் கேட்டார்.

"உன் பைலு எனக்கு இன்னாத்துக்கு? என்னுதே கொட்டிக் கெடக்குது," என்றார் ரமணா. சொன்னாரே தவிர அவருக்கும் உறுத்தியது. தன் கம்ப்யூட்டரில் தேடினார். அங்கேயும் ஒரு பேஜ் பைல். அழித்தால் அதே அறிவிப்பு.

"பாத்தியா? எவனோ ரெண்டு கடையிலயும் பூந்துகினு கீறான்," என்றார் நாகபூஷணம்.

இருவரும் சேர்ந்து வந்து நாகபூஷணம் கடையின் நெட் ஒயரைப் பிடுங்கினார்கள். அழித்துப் பார்த்தால் அதே அறிவிப்பு; வேறொருவர் போகவில்லை.

"அப்போ ஆளு உள்ளதான் கீறான்," என்று ரமணா குரலைத் தாழ்த்தினார்.

உள்ளே பெஞ்சில் நகரிக்காரர் ஒருவர் இருந்தார். எலும்புக் கட்டு போட்டுக்கொண்டு, பஸ் வரும்வரை பேன் காற்றுக்காக ஒதுங்கியவர். இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் காட்டி, "நான் எதப்பா அமுக்கப்போறேன்?" என்றார்.

அந்த நேரத்தில் ஹரிப்ரியா வந்து சேர்ந்தாள். "அது நான் வெச்சதுண்ணா. கம்ப்யூட்டருதான் யூஸ் பண்ணிக்கினு கீது. ரேம் பத்தலன்னா அங்க எறக்கி வெச்சிக்கும்."

"என்னைக் கேட்டுச்சா?" என்றார் நாகபூஷணம்.

அந்த பைலை எடுக்கவைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போடச்சொன்னார். பேனரைத் திறக்கும் நேரம் பார்த்து, தன் முகம் எப்படி வந்திருக்கிறதென்று பார்க்க அருள்குமார் வந்து நின்றார். படம் மேலிருந்து மெல்ல இறங்கி, அவர் மூக்கோடு நின்றுபோனது.

"மீசை எங்கப்பா?"

"வந்துகினு கீது," என்றார் நாகபூஷணம்.

வரவில்லை. அருள்குமார் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாகபூஷணம் ஹரிப்ரியா பக்கம் திரும்பினார். "திரும்ப வெச்சிடும்மா, எவ்ளோ வேணுமோ துன்னட்டும்," என்றார்.

வைத்ததும் மீசை வந்தது. சம்பந்திகளும் வந்தார்கள். மண்டபத்துச் சுவர் நீளத்துக்குப் பேனர் நின்றது.

அதற்கப்புறம் கடைக்காரர் இருவரும் சாயங்காலம் ஒன்றாக டீ குடித்தார்கள். நாகபூஷணம் தன் பேஜ் பைலின் அளவைப் பெருமையாகச் சொல்லப்போக, ரமணா விடாமல் தன்னுடையதை அதைவிடப் பெரிதாக்கினார். தன் பேனர்களைச் சேமிக்கவே அவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு வந்தார்.

நாகபூஷணம் இடம் கொடுத்தார். பைல்கள் காப்பி ஆகி முடியும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.